மீயொலி ஈரப்பதமூட்டி

மீயொலி ஈரப்பதமூட்டி என்பது நீரைச் சூடாக்காமல், அதிர்வின் மூலம் நுண்துளிகளாகச் சிதறச் செய்து அறைக் காற்றின் ஈரப்பதத்தைக் கூட்டும் வீட்டுக் கருவி ஆகும். குளிர் நாடுகளில் வெப்பமூட்டிகளால் வீட்டுக் காற்று வறண்டுவிடும் பனிக்காலத்தில் இது பெரிதும் பயன்படுகிறது. இதில் குழாய்நீரை ஊற்றினால், அந்நீரில் உள்ள உப்புகளும் நுண்ணுயிர்களும் சுவாசிக்கும் காற்றில் கலக்கின்றன.

செயற்படும் முறை

தொட்டியின் அடியிலுள்ள சிறு தகடு நொடிக்கு ஏறத்தாழ 17 இலட்சம் முறை அதிர்கிறது. அதனால் நீர்ப்பரப்பிலிருந்து சில மைக்ரோமீட்டர் அளவுள்ள துளிகள் எழுந்து மூடுபனி போல் வெளியேறுகின்றன. நீரைக் கொதிக்க வைக்கும் வகைக் கருவிகளில் நீராவி மட்டுமே வெளியேறும். உப்புகள் பெரும்பாலும் கலத்திலேயே தங்கிவிடும்.

கனிமத் துகள்கள்

துளியிலுள்ள நீர் ஆவியானதும், அதில் கரைந்திருந்த கால்சியம், மக்னீசியம் முதலியவற்றின் உப்புகள் திண்மத் துகள்களாகக் காற்றில் மிதக்கின்றன. மேசை, நாற்காலிகளின் மேல் படியும் வெண்தூசி இதுவே. பழைய குழாய்களிலிருந்து நீரில் ஈயம் கலந்திருப்பின் அதுவும் இவ்வாறே காற்றை அடையும்.

எடுத்துக்காட்டாக, லிட்டருக்கு 300 மில்லிகிராம் உப்புள்ள நீரை மணிக்கு 300 மில்லிலிட்டர் வீதம் தெளித்தால், ஒரு மணி நேரத்தில் 90 மில்லிகிராம் உப்பு காற்றில் சேரும். 30 கனமீட்டர் கொள்ளளவுள்ள மூடிய அறையில் இது கனமீட்டருக்கு 3,000 மைக்ரோகிராம் ஆகும். ஒரு பகுதி படிந்தும் வெளியேறியும் குறைந்தாலும், எஞ்சும் அளவு மிகுதியே. நுண்துகள்களுக்கு (2.5 மைக்ரோமீட்டருக்கு உட்பட்டவை) உலக சுகாதார அமைப்பு 2021-இல் பரிந்துரைத்த 24 மணி நேரச் சராசரி வரம்பு 15 மைக்ரோகிராம் மட்டுமே.

நுண்ணுயிர்கள்

தேங்கிய நீரில் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் பெருகும். இவற்றைச் சுவாசிப்பதால் காய்ச்சலும் நுரையீரல் அழற்சியும் ஏற்படலாம். 1989-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள போகலூசா நகரில், மளிகைக் கடையொன்றில் காய்கறிகள் மீது பனித்துளி தெளித்த கருவியின் வழியாக லெஜியோனெல்லா பாக்டீரியா பரவி 33 பேர் நோயுற்றனர்.

தென்கொரிய நிகழ்வு

தென்கொரியாவில் 1994 முதல், தொட்டி நீரில் கலப்பதற்கென்றே கிருமிநாசினிகள் விற்கப்பட்டன. அவை கடும் நுரையீரல் பாதிப்பை உண்டாக்கியது 2011-இல் கண்டறியப்பட்டு, விற்பனையிலிருந்து நீக்கப்பட்டன. அதற்குள் கருவுற்ற பெண்களும் சிறு குழந்தைகளும் உட்படப் பலர் உயிரிழந்திருந்தனர்.

பாதுகாப்பு முறைகள்

வாலைவடிநீரைப் பயன்படுத்துவது சிறந்தது. கொதிக்க வைத்து ஆறிய நீரில் கிருமிகள் அழிந்தாலும் கரைந்த உப்புகளில் பெரும்பகுதி அப்படியே இருக்கும். தொட்டியை நாள்தோறும் காலி செய்து, துடைத்து, உலர்த்த வேண்டும். கழுவப் பயன்படுத்திய வேதிப்பொருள் சிறிதும் தங்காதவாறு நன்கு அலச வேண்டும். கருவி இயங்கும்போது நீரில் எதையும் கலத்தல் கூடாது. அறையின் ஒப்பு ஈரப்பதம் 30 முதல் 50 விழுக்காட்டிற்குள் இருப்பது நன்று. அதற்கு மேல் கூடினால் சுவர்களில் பூஞ்சை வளர ஏதுவாகும்.