இரைச்சல் – 11: மவுஸ் செத்த மத்தியானம்

போன வாரம் ஊட்டி முத்தோரையில் நின்றோம். 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி, மலைச்சரிவின் சாய்வும் ஊரின் அட்சரேகையும் ஒரே 11 டிகிரி, 326.5 மெகாஹெர்ட்ஸ். மற்றதைப் பழைய இதழில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். காற்றில் திரியும் அலைகள் அதை எப்படிக் கெடுக்கின்றன என்று எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். வில்லனைக்கூடப் பிடித்து வைத்திருந்தேன்: எதிர்வீட்டு மொட்டைமாடி செல்போன் டவர். ஒன்பது வருடக் குடும்பப் படங்களோடு என் டிஸ்க் செத்தது அதனால்தான் என்று மூன்றாம் வாரத்தில் எழுதினேன், நீங்களும் நம்பினீர்கள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் அந்த வழக்கு தலைகீழானது.

பழங்காநத்தத்தில் என் மாடி அறை. ஆடி மாதம், தெருமுனை அம்மன் கோயிலில் ரேடியோ செட் கட்டியாகிவிட்டது. புதிதாக வாங்கிய டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் செருகி, கோப்புகளை ஏற்ற ஆரம்பித்தேன். திரையில் மவுஸ் அம்பு நொண்டியது. கொஞ்ச நேரத்தில் நின்றேவிட்டது. டிஸ்க்கைப் பிடுங்கினால் ஓடுகிறது, செருகினால் சாகிறது. டி.பி.கே. ரோட்டில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கும் தம்பியைக் கூப்பிட்டேன்.

“ரேடியோ செட்காரர்ட்ட சொல்லிக் கொஞ்சம் அமத்தச் சொல்லவா தம்பி?”

“அதுக்கும் இதுக்கும் என்னண்ணே சம்பந்தம்? மவுஸ் ரிசீவர எங்கிட்டு மாட்டிருக்கீங்க?”

டிஸ்க் செருகியிருந்த நீல போர்ட்டுக்கு அடுத்த போர்ட்டில். வயரில்லா மவுஸுக்கான நகத்தளவு ரிசீவர். தம்பி அதைப் பிடுங்கினார், பையிலிருந்து ஒரு முழ எக்ஸ்டென்ஷன் வயரை எடுத்து அதில் மாட்டினார், ஜன்னல் பக்கம் தள்ளி வைத்தார். மவுஸ் ஓடியது.

“வெளிய ஒண்ணுமில்லண்ணே. உங்க டிஸ்க்குதான் இரையுது.”

அன்றிரவு முழுக்க இதையே தோண்டினேன். இன்டெல் நிறுவனம் 2012 ஏப்ரலில் இதற்கென்றே ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. (அந்த ஏப்ரலில் மதுரையில் மின்வெட்டு போன போக்குக்கு, மவுஸ் செத்தால் கரன்ட் இல்லை என்றுதான் நினைத்திருப்போம்.) யுஎஸ்பி 3.0 டிஸ்க் ஒன்றைச் செருகியதும் பக்கத்தில் ரேடியோ இரைச்சல் ஏறக்குறைய 20 டெசிபெல் எகிறுகிறது என்று அளந்து காட்டினார்கள். டெசிபெல் கணக்கு நமக்குப் பழக்கம்தானே: 20 என்றால் நூறு மடங்கு.

காரணம் எளிய பெருக்கல் வகுத்தல். யுஎஸ்பி 3.0 கம்பியில் வினாடிக்கு 500 கோடி பிட்டுகள் ஓடுகின்றன. ஒன்று, பூஜ்யம், ஒன்று, பூஜ்யம் என்று மாறி மாறி வந்தால் இரண்டு பிட்டுக்கு ஓர் அலை. ஆக, வினாடிக்கு 250 கோடி அலைகள், அதாவது 2.5 கிகாஹெர்ட்ஸ். நம் மவுஸ், ப்ளூடூத், பழைய வைஃபை எல்லாம் குடியிருக்கும் தெரு எது? 2.4 கிகாஹெர்ட்ஸ். அடுத்த வாசல்! அந்தத் தெருவில் குறைந்த சக்திக் கருவிகளுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று இந்திய அரசு சொன்னது 2005இல். அதனால் கூட்டத்துக்கும் குறைவில்லை. இதில் டிஸ்க்கின் பிட்டுகளை வேண்டுமென்றே கலைத்துப் போட்டு அனுப்புவதால், இரைச்சல் ஒரே இடத்தில் நிற்காமல் அகலமாகப் பரவுகிறது.

வடிகட்டிவிட்டால் என்ன என்று எனக்கும் தோன்றியது. முடியாது. அந்த 2.4 பகுதி கம்பியில் ஓடும் தகவலுக்குள்ளேயே இருக்கிறது. அதை அறுத்தால் தகவலும் அறுந்துபோகும். போர்ட்டுக்கும் கேபிளுக்கும் டிஸ்க் பெட்டிக்கும் நல்ல உலோகக் கவசம் போடலாம். இல்லாவிட்டால் தம்பி செய்ததுபோல ரிசீவரைத் தள்ளி வைக்கலாம். அவ்வளவுதான் வழி.

கொடைக்கானல் பக்கம் ஆன்டெனாவைத் திருப்பி தூர்தர்ஷன் பார்த்த தலைமுறைக்கு இது புதிதல்ல. ஒளியும் ஒலியும் ஓடும்போது சமையலறையில் மிக்ஸி போட்டால் திரையில் கோடு விழும். மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷில் தெறிக்கும் பொறி செய்த வேலை. அம்மா மிக்ஸியை நிறுத்துவார். டிவியைத் தட்டிக்கொண்டிருந்த அப்பா, தான் தட்டியதால்தான் சரியானது என்பார். நான் அப்பா பிள்ளை.

சரி, வெளி அலை டிஸ்க்கைக் கெடுக்குமா? கேபிளில் இரைச்சல் புகுந்தாலும், ஒவ்வொரு தகவல் பொட்டலத்தோடும் சரிபார்ப்பு எண் ஒன்று போகிறது. கணக்கு உதைத்தால் மறுபடி அனுப்பச் சொல்லும். வேகம் குறையும், சில நேரம் இணைப்பு விட்டுவிட்டு வரும். தட்டில் ஏற்கெனவே எழுதியதை டவர் அலை வந்து அழிப்பதில்லை. ஸ்பீக்கர் காந்தத்துக்குப் பயந்து டிஸ்க்கை இடம் மாற்றி வைப்பவர்களுக்கு ஒரு சேதி: டிஸ்க்குக்குள்ளேயே, தட்டைப் படிக்கும் ஊசிக் கையை ஆட்டுவதற்கு, நியோடிமியம் காந்தம் இருக்கிறது. உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தப் பொம்மை எல்லாம் அதன் முன்னால் தூசு.

ரேடியோ செட்டை ஒரேயடியாக விடுதலை செய்யலாம் என்று பார்த்தேன். இங்கேதான் இந்த வாரத்தின் பாதியைத் தின்ற விஷயம் அகப்பட்டது. மின் அலை தொடாத டிஸ்க்கைச் சத்தம் தொடும்!

2008 கடைசியில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் பொறியாளர் பிரெண்டன் கிரெக், சர்வர் அறையில் டிஸ்க் வரிசைக்கு முகத்தை ஒட்டி நின்று கத்தினார். எதிரே திரையில் டிஸ்க்குகள் பதில் சொல்லும் நேரம் சட்டென்று எகிறியது. காணொளியாகவே இருக்கிறது. ஊசி, தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. தடத்தின் அகலமோ நூறு நானோமீட்டருக்கும் கீழே. அங்கே ஓர் அதட்டல் போதும், ஊசி தடம் தவறும்.

2016 செப்டம்பரில் ருமேனியாவின் புக்கரெஸ்ட்டில், ஐஎன்ஜி வங்கியின் தகவல் மையத்தில் தீயணைப்புச் சோதனை. தீயே இல்லை. வாயு பீறிட்ட சத்தத்திலேயே டிஸ்க்குகள் பழுதாகி, ஏடிஎம், கார்டு எல்லாம் சுமார் பத்து மணி நேரம் முடங்கின.

எல்லாவற்றுக்கும் மேல் ஜேனட் ஜாக்ஸன். 1989இல் வந்த அவருடைய ‘ரிதம் நேஷன்’ பாட்டைப் போட்டால் ஒரு வகை லேப்டாப்கள் படுத்துவிடுமாம். 2022இல் மைக்ரோசாஃப்ட்டின் ரேமண்ட் சென் இதைச் சொன்னார். அந்த லேப்டாப்களில் இருந்த நிமிடத்துக்கு 5400 சுற்று சுழலும் டிஸ்க்கின் இயல்பு அதிர்வும் பாட்டில் வரும் ஓர் அதிர்வும் ஒன்றாக அமைந்துவிட்டன. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதுபோல. பாட்டு ஓடியது ஒரு லேப்டாப்பில். பக்கத்தில் சும்மா இருந்த இன்னொன்றும் படுத்தது! தயாரித்த நிறுவனம், அந்த அதிர்வை மட்டும் ஒலியிலிருந்து கழிக்கும் வடிகட்டி ஒன்றைப் போட்டுத் தப்பித்தது. பாதுகாப்புக் குறைகளின் பட்டியலில் இந்தப் பாட்டுக்கு ஓர் எண்ணே கொடுத்திருக்கிறார்கள்.

உடனே அம்மன் கோயில் செட்டுக்கு எதிராக மனு எழுத வேண்டாம். கிரெக் கத்தியது டிஸ்க்கின் முகத்துக்கு நேரே. நம் குழாய் இருப்பது தெருமுனைக் கம்பத்தில். நேற்று சோதித்தேன். செட் முழு வீச்சில் அலற, டிஸ்க் 40 ஜிபியை வழக்கமான நேரத்தில் ஏற்றி முடித்தது. அலறலில் வேலை ஓடாமல் உட்கார்ந்திருந்தது நான்தான்.

எக்ஸ்டர்னல் டிஸ்க்கை உண்மையில் கொல்வது எது என்று தம்பியைக் கேட்டேன். “கீழ விழுறதுண்ணே. அப்பறம் லூசு கேபிள், சப்ளை பத்தாம தட்டு திணர்றது.” பழைய யுஎஸ்பி 2.0 போர்ட் கொடுப்பது 500 மில்லியாம்பியர், 3.0 கொடுப்பது 900. தட்டு சுழல ஆரம்பிக்கும் நொடியில் சின்ன டிஸ்க்கே ஓர் ஆம்பியர் பக்கம் கேட்கும். டிக் டிக் என்று சத்தம் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது கேபிளையும் போர்ட்டையும்.

இனி டவர் வழக்கு. மூன்றாம் வாரத்தில் நான் எழுதாமல் விட்ட ஒரு வரி உண்டு. அந்த டிஸ்க் செத்த அன்று, அது ஓடிக்கொண்டிருந்தபோது என் காலில் வயர் சிக்கியது. டிஸ்க் மேசையிலிருந்து தரையில் விழுந்தது. எடுத்துத் துடைத்து மறுபடி மேலே வைத்தேன். வீட்டில் யாரும் பார்க்கவில்லை. எதிர்வீட்டு டவர் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது.

மதுரை வெயிலில் பீரோவுக்குள் கிடக்கும் எஸ்எஸ்டி எத்தனை நாள் நினைவு வைத்திருக்கும் என்பதையும் இந்த வாரமே சொல்வதாக இருந்தேன். பக்கம் தீர்ந்தது, ஆசிரியர் இரண்டாவது முறை போன் செய்துவிட்டார். அடுத்த வாரம்.

(இரைச்சல் தொடரும்)