ஒரு மூல் உப்பும் 24 இலக்க எண்ணும்

ஆனையிறவு உப்பில் 58.44 கிராம் நிறுத்தெடுங்கள். மூன்று மேசைக்கரண்டிக்குச் சற்று மேலே வரும். ஈரமும் மகனீசியமும் கலக்காத தூய சோடியம் குளோரைட்டு என்று வைத்துக்கொண்டால், அதிலுள்ள சோடியம் அயன்கள் ஒரு மூல்; அதாவது 602214076000000000000000. நம் கணக்கில் 602 கோடி கோடி கோடி. உலகத்தின் 800 கோடிப் பேரும் தூங்காமல் நொடிக்கு ஒன்றாக எண்ணினாலும் 23 இலட்சம் ஆண்டுகளுக்கு மேலாகும்.

இதுதான் அவகாதரோ எண். 1856இல் இறந்த அவகாதரோவுக்கு இதன் பெறுமதி தெரியாது. 1909இல் அவர் பெயரை இதற்குச் சூட்டியவர் பிரெஞ்சு அறிஞர் பெரின். நீண்டகாலம் இது அளந்து பெறும் எண்ணாகவே இருந்தது. அளவீடு திருந்தத் திருந்தக் கடைசி இலக்கங்கள் மாறின. மிகத் தூய சிலிக்கன் கோளங்களிலுள்ள அணுக்களைக் கணக்கிட்டு நெருங்கிய பிறகு, 2018 நவம்பரில் வெர்சாயில் கூடிய சர்வதேச அளவீட்டு மாநாடு இதை ஒரே பெறுமதியாக நிலைநிறுத்தியது. 2019 மே 20 முதல் இது வழுவே இல்லாத முழுவெண்.

முழுவெண் என்றால் பள்ளிக்கூடக் கேள்விகளை இதனிடமும் கேட்கலாம். இலக்கங்களின் கூட்டுத்தொகை 28; ஆகவே 3ஆல் வகுபடாது. 7, 11, 13 ஆலும் வகுபடாது. காரணிப்படுத்தினால் 2 பதினேழு தடவை, 5 பதினைந்து தடவை, மிச்சம் 150553519 என்ற ஒற்றை எண். 2 வந்த தடவை இரட்டையாக இல்லாததால் இது வர்க்க எண் அல்ல. 17 மூன்றின் மடங்கும் அல்ல என்பதால் கன எண்ணும் அல்ல.

கன எண்ணாக இருந்திருக்கலாமே என்று ஆசைப்பட்டவர்கள் உண்டு. 2007இல் அமெரிக்காவின் ரொனால்ட் ஃபொக்ஸும் தியடோர் ஹில்லும் 84446888இன் கனத்தையே அவகாதரோ எண்ணாக அறிவிக்கலாம் என்றனர். அணுக்களைச் சதுரமுகிப் பெட்டியாக அடுக்கிக் காட்டும் வசதி அதிலிருந்தது. மாநாடு அதை ஏற்கவில்லை. அழகுக்காக அளவீட்டை வளைக்காதது சரிதான் என்பேன்.

ஆனால் உப்புக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. அதன் பளிங்கு இயல்பிலேயே சதுரமுகி; ஒரு மூல் உப்பு ஒரே பளிங்காக விளைந்தால் பக்கம் ஏறக்குறைய 3 சென்ரிமீற்றர். சோடியத்தோடு அதேயளவு குளோரைட்டு அயன்களும் இருப்பதால் மொத்த எண்ணிக்கை இருமடங்கு. இப்போது 2 பதினெட்டுத் தடவை, 5 பதினைந்து தடவை. இரண்டும் மூன்றின் மடங்குகள்! தடையாக நிற்பது 150553519 மட்டுமே. 531இன் கனம் 149721291, 532இன் கனம் 150568768. வெறும் 15249 குறைவால் வாய்ப்புத் தவறிவிட்டது. ஒரு மூல் உப்பின் அயன்களை மிச்சமில்லாமல் சதுரமுகியாக அடுக்கவே முடியாது.

150553519 மேலும் உடைபடுமா? 17இலிருந்து தொடங்கி, 12270 வரையுள்ள முதன்மை எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். பொறுமையுள்ள மாணவர்கள் முயன்று பாருங்கள்.