ஆற்றின் போக்கில் – 6: அணைக்குக் கீழே ஒரு பகல்

வரைபடத்தில் பெல்வூட் ஏரி என்று போட்டிருப்பது, ஷாண்ட் அணை மறித்து நிறுத்திய, ஒன்ராறியோவின் கிராண்ட் ஆறுதான். அணை கட்டி முடிந்தது 1942இல். சென்ற வாரம் நாம் பார்த்த டண்டாக் மேட்டுநிலத்தில் காடுகளை வெட்டிச் சதுப்புகளை வடித்து வயலாக்கியபின், ஆற்றின் குணமே கெட்டுப்போயிருந்தது. பனி உருகும் மாதங்களில் வெள்ளம் ஊருக்குள் ஏறியது. கோடையிலோ கீழேயுள்ள நகரங்களின் கழிவை இழுத்துப்போகக்கூட ஆற்றில் தண்ணீர் இருக்கவில்லை. வசந்தத்தின் வெள்ளத்தைப் பிடித்து வைத்துக் கோடையில் விடுவதற்காகக் கட்டிய அணை இது. மீன் அன்றைக்கு யாருடைய கணக்கிலும் இல்லை.

ஆழமான நீர்த்தேக்கம் கோடையில் இரண்டு அடுக்காகப் பிரியும். வெயிலில் சூடேறிய நீர் மேலே நிற்க, குளிர்ந்த நீர் கனத்து அடியில் தங்கும். ஷாண்ட் அணை அந்த அடிநீரை வெளியே விடுகிறது. அதனால்தான் ஃபேர்கஸ், எலோரா ஊர்களின் வழியே கோடையிலும் ஆறு குளிர்ந்து ஓடுகிறது. குளிர்ந்த நீரில் பிராணவாயு அதிகம் கரையும். ட்ரௌட் மீன் பிழைப்பதற்கு அது வேண்டும். 1989 முதல் இங்கே பழுப்பு ட்ரௌட் குஞ்சுகளை விட்டுவருகிறார்கள். அணைகள் ஆறுகளுக்குச் செய்யும் கேட்டைப் பற்றி இந்தத் தொடரிலேயே நான் கடுமையாக எழுதியிருக்கிறேன். அதில் ஒரு சொல்லையும் திரும்பப் பெறவில்லை. ஆனாலும் இந்த இடத்தில் ஓர் அணை, தான் எண்ணிப் பார்க்காத ஒரு நன்மையையும் செய்திருக்கிறது.

இந்த ஆற்றை எனக்குக் காட்டித் தந்த நண்பர் குருநகரில் பிறந்தவர். தகப்பன் யாழ்ப்பாணக் கடனீரேரியில் தடி நட்டு வலை கட்டியவர். நண்பர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் நான் அவரை ‘அண்ணை’ என்பேன். ஸ்காபரோவில் பெட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒன்ராறியோவின் இந்தப் பகுதியில் ட்ரௌட் பருவம் ஏப்ரலின் நாலாவது சனிக்கிழமை திறந்து செப்டம்பர் 30இல் மூடும். அந்த மாதங்களில் அவரை வீட்டில் பிடிப்பது அரிது.

ஜூன் மாதத்தில் ஒரு புதன்கிழமை இருவரும் போனோம். இடுப்புவரை ஏறும் நீர்க்காப்புக் காற்சட்டையை மாட்டி, அதன்மேல் வாரை இறுக்கிக் கட்டினோம். தவறி விழுந்தால் உள்ளே தண்ணீர் நிறைந்து ஆளை இழுக்காமலிருக்க அந்த வார் அவசியம். நான் தூண்டில் தடியைப் பூட்டத் தொடங்கினேன்.

“தம்பி, அதை வையும். முதல்ல கல்லைப் பிரட்டிப் பாரும்” என்றார் அண்ணை.

முழங்கால் ஆழத்தில் குனிந்து ஒரு கல்லைத் தூக்கித் திருப்பினால், அடியில் ஒரு குடியிருப்பே இருந்தது. மணலையும் சிறு குச்சிகளையும் தன் பட்டிழையால் ஒட்டிக் கூடு கட்டி, அதற்குள் உடம்பை ஒளித்துக்கொண்ட கேடிஸ் புழுக்கள். தட்டையான உடலும் மூன்று வாலுமாகக் கல்லோடு ஒட்டி ஓடிய மேஃப்ளைக் குஞ்சுகள். அவற்றின் வயிற்றின் இருபுறமும் செவுள்கள் துடித்தன. பல இனங்கள் ஓராண்டுவரை இப்படி நீருக்கடியில் வாழும். பிறகு ஒருநாள் மேலே நீந்தி வந்து தோலை உரித்து, சிறகு விரித்துப் பறக்கும். பறக்கத் தொடங்கியபின் தின்பதற்கு வாயே கிடையாது. துணை தேடி, முட்டையிட்டு, ஓரிரு நாளில் முடிந்துவிடும். ஆற்றில் அழுக்கு ஏறினால் முதலில் காணாமல் போகிறவையும் இவைதான். ஆய்வுகூடத்துக்கு நீர் அனுப்பிப் பெறும் அறிக்கைக்கு முன்பே, ஒரு கல்லின் அடிப்புறம் ஆற்றின் உடல்நிலையைச் சொல்லிவிடும்.

ட்ரௌட்டின் உணவு பெரும்பாலும் இந்தப் பூச்சிகள்தான். ஆகவே புழுவையோ இறாலையோ முள்ளில் கோப்பதற்குப் பதிலாக, இறகும் உரோமமும் நூலும் சுற்றிப் பூச்சியின் சாயலில் ஒன்றைக் கட்டுவதே ஃப்ளை ஃபிஷிங். மிகப் பழைய வித்தை இது. மகெதோனியாவின் ஆற்றோரத்தில் முள்ளின்மேல் சிவப்புக் கம்பளி சுற்றிச் சேவலிறகு இரண்டைக் கட்டி மீன் பிடித்தார்கள் என்று, ஏறக்குறைய 1,800 ஆண்டுகளுக்கு முன் ரோமானிய எழுத்தாளர் ஏலியன் எழுதி வைத்திருக்கிறார். அண்ணையின் பெட்டியில் அன்று இருந்தவற்றில் பல, 1957இல் பென்சில்வேனியாக்காரரான அல் ட்ரோத் வகுத்த கேடிஸ் வடிவத்தில் எல்க் மானின் உரோமத்தால் கட்டியவை. மாரிகால இரவுகளில் சமையலறை மேசையில் உட்கார்ந்து அவரே கட்டுகிறார். தடித்த விரல்கள்; ஆனால் நூல் அறுந்து நான் பார்த்ததில்லை.

இந்தப் பொய்ப்பூச்சிக்கு எடை என்று ஏதும் இல்லை. அதை எறியவே முடியாது. எடை இருப்பது கயிற்றில். தடியைப் பின்னே வீசி, கயிறு முதுகுக்குப் பின்னால் முழுதும் நீளும்வரை ஒரு கணம் பொறுத்து, பிறகு முன்னே வீசவேண்டும். அப்போது கயிறு சுருட்டிய பாய் விரிவதுபோல் காற்றில் விரிந்து, நுனியிலுள்ள மெல்லிய நைலோன் இழையையும் பூச்சியையும் நீர்மேல் இறக்கும். எல்லாம் அந்த ஒரு கணப் பொறுமையில் இருக்கிறது. வலிமைக்கு இங்கே வேலையில்லை.

விழுந்தபின் இன்னொரு சிக்கல். ஆறு எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. நடுவிலுள்ள விரைந்த ஓட்டம் கயிற்றை இழுத்தால், பூச்சியும் நீரின் போக்கை விட்டு இழுபடும். உண்மைப் பூச்சி அப்படிப் போகாது என்பது ட்ரௌட்டுக்குத் தெரியும். உடனே ஒதுங்கிவிடும். அதனால் கயிற்றை அவ்வப்போது மேலோட்டப் பக்கமாகத் தூக்கி வளைத்துப் போட்டுக்கொண்டே இருக்கவேண்டும். இதைச் செய்யச் செய்ய, முன்பு ஒரே நீர்ப்பரப்பாகத் தெரிந்த ஆறு பல ஓட்டங்களாகப் பிரிந்து தெரியத் தொடங்கும். கல்லுக்குப் பின்னால் தேங்கும் நீர், இரண்டு ஓட்டங்கள் உரசும் விளிம்பு, கரையோரம் எதிர்த்திசையில் சுழலும் நீர். பாய்ச்சலோடு போராடாமல் நின்றபடியே, வருகிற உணவை எடுக்க வசதியான இடம் எதுவோ அங்கே மீன் இருக்கும். மீன் ஓட்டத்தை எதிர்நோக்கி நிற்பதால் நாம் கீழிருந்து, அதன் முதுகுப்பக்கமாக நெருங்கவேண்டும்.

நண்பகலில் ஒன்றும் அசையவில்லை. கரையில் அமர்ந்து, அண்ணை வீட்டில் கட்டித்தந்த புட்டையும் கத்தரிக்காய்ப் பொரியலையும் சாப்பிட்டோம். அவர் நீரில் வெப்பமானியை இறக்கிப் பார்த்தார்: 15 பாகை. 20ஐத் தாண்டினால் அன்று அவர் மீன் பிடிக்கமாட்டார். சூடான நீரில் போராடிய மீனை விட்டாலும் பிழைக்காமல் போகலாம்.

“ஐயா கடலைப் பாத்து நாளைக்கு என்ன மீன் படும் எண்டு சொல்லுவார். எனக்கு அது வரேல்ல, தம்பி. வாறதுக்கு முதல் ஊரைவிட்டு வந்திட்டன். இந்த ஆறு எனக்குக் கொஞ்சம் பிடிபட்டிருக்கு.”

பின்னேரம் ஏழரை மணிக்குமேல் கேடிஸ் பறக்கத் தொடங்கின. முதலில் ஒன்றிரண்டு, பிறகு மேகமாக. அதுவரை மீனே இல்லாத ஆறுபோலிருந்த இடத்தில் அங்குமிங்கும் வட்டங்கள் எழுந்தன. அண்ணை ஒரே மீனைத் தேர்ந்துகொண்டார். எதிர்க்கரை மரக்கிளைக்கடியில், ஒரே இடத்தில், நிதானமாக வாய் திறந்து மூடிக்கொண்டிருந்தது அது. அதன் இடைவெளியைக் கவனித்துவிட்டுத்தான் வீசினார். பூச்சி மிதந்து போனது, ஒரு சுழிப்பு, தடி வளைந்தது.

வலைக்குள் வந்தது ஏறத்தாழ 14 அங்குலம் இருக்கும். பொன்னிறப் பக்கங்களில் கரும்புள்ளிகள், நடுவே ஒளிவட்டம் சூழ்ந்த சிவப்புப் புள்ளிகள். மீனின் உடம்பைக் காக்கும் வழுவழுப்பை உலர்ந்த கை உரித்துவிடும் என்பதால், கையை நனைத்துக்கொண்டே தொட்டார். முள்ளை நொடியில் கழற்றினார். ஆற்றின் இந்தப் பகுதியில் எதிர்முள் இல்லாத ஒற்றை முள்தான் பாவிக்கலாம், பிடித்ததை விட்டுவிடவேண்டும் என்பது சட்டம். மீனின் தலையை ஓட்டத்துக்கு எதிரே பிடித்திருந்தார். வால் வலுப்பெற்றதும் அது தானே போனது.

தின்பதற்கல்லாமல் ஓர் உயிரை முள்ளில் இழுத்து வருத்துவது சரியா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. மீனுக்கு அது விளையாட்டல்ல. ஆனால் இந்த ஆற்றோரத்தில் நான் பார்த்தது இதுதான்: குஞ்சுகளை வாளிகளில் ஏந்தி ஆற்றில் இறங்கி விடுகிறவர்கள், நீர் நிறம் மாறினால் முதலில் தொலைபேசி எடுப்பவர்கள், மீனைத் தொட்டுத் தெரிந்தவர்கள்தான். தொடாமலே ஆற்றை நேசிக்க முடிந்தவர்கள் இருந்தால் இன்னும் நல்லது. அவர்கள் போதிய அளவில் வரும்வரை, அண்ணையைப் போன்றவர்கள் ஆற்றில் நிற்கவேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

அடுத்த வாரம் எலோராவின் சுண்ணாம்புக்கல் பள்ளத்தாக்கைக் கடந்து தெற்கே இறங்குவோம். 1784இல் இந்த ஆற்றின் இரு கரையிலும் ஆறாறு மைல் நிலத்தை ‘ஆறு தேசங்கள்’ என்ற பூர்வகுடி மக்களுக்கு எழுதிக் கொடுத்தது பிரித்தானிய அரசு. அதில் இன்று அவர்களிடம் எஞ்சியிருப்பது இருபதில் ஒரு பங்குதான். மீதி நிலம் கைமாறிய கதை நீளமானது.

(தொடரும்)