பழைய காருக்கு இன்னொரு காரின் என்ஜின்

என்ஜின் பழுதுபட்டு நின்றுவிட்ட காரை மீட்க மூன்று வழிகள் உண்டு. புதிய என்ஜின் வாங்கலாம் என்றால், பத்தாண்டு கடந்த வண்டிகளில் அதன் விலை காரின் சந்தை விலையையே நெருங்கிவிடுவதுண்டு. இருக்கும் என்ஜினை இறக்கிப் பிரித்து, தேய்ந்த சிலிண்டர்களைச் சற்றே அகலமாகக் கடைந்து (பட்டறைகளில் இதை ‘ரீபோர்’ என்பர்), பிஸ்டனும் பேரிங்கும் மாற்றலாம் என்றால், கிராங்க் தண்டும் பிளாக்கும் சேதமின்றித் தப்பியிருக்க வேண்டும். மூன்றாவது வழி, உடைக்கப்பட்ட வேறொரு காரிலிருந்து கழற்றிய என்ஜினைப் பொருத்துவது. சென்னையின் புதுப்பேட்டை, டெல்லியின் மாயாபுரி, கொழும்பின் பஞ்சிகாவத்தை ஆகிய உதிரிபாகச் சந்தைகளுக்கு இந்த மூன்றாவது வழியும் ஒரு பிழைப்பு.

இச்சந்தைகளுக்குச் செல்வோர் வாங்கப்போகும் என்ஜினைப் பற்றியே விசாரிக்கின்றனர். பழைய என்ஜின் ஏன் போனது என்று கேட்போர் குறைவு. ரேடியேட்டர் அடைபட்டுச் சூடேறியதால் சிலிண்டர் ஹெட் வளைந்திருந்தால், அதே ரேடியேட்டர் புதிதாக வந்த என்ஜினையும் சில மாதங்களில் அதே கதிக்கு ஆளாக்கும். டர்போ, அதாவது வெளியேறும் புகையின் விசையால் சுழன்று காற்றை அழுத்தி உட்செலுத்தும் கருவி, உடைந்து உலோகத் துகள்கள் ஆயிலில் கலந்திருந்தால், அத்துகள்கள் ஆயில் கூலரின் நுண்ணிய வழிகளில் தங்கிவிடும். எவ்வளவு கழுவினாலும் அவை முழுமையாக வெளியேறும் என்று நம்ப முடியாது. சில ஆயிரங்களை மிச்சப்படுத்துவதாக எண்ணிப் பழைய கூலரையே மாட்டச் சொல்வது இத்தொழிலில் காணப்படும் மிக விலையுயர்ந்த சிக்கனம்.

அடுத்து, அந்த என்ஜின் எவ்வகை வண்டியிலிருந்து வந்தது என்பது. பின்புறம் இடிபட்டு ஒதுக்கப்பட்ட காரின் என்ஜின் பெரும்பாலும் நலமாக இருக்கும். முன்புறம் நொறுங்கிய காரில் என்ஜினைத் தாங்கும் மவுண்ட்டுகளும் கிராங்க் புல்லியும் அடிபட்டிருக்கக்கூடும். மிகவும் அஞ்ச வேண்டியது வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. 2015 டிசம்பரில் சென்னையில் தேங்கிய நீரில் காரை ஓட்டிச் சென்ற பலர் அறிந்துகொண்டதுபோல, காற்று நுழையும் குழாய் வழியே நீர் சிலிண்டருக்குள் புகுந்தால், காற்றைப் போல அது அழுந்திக்கொடுக்காது என்பதால், மேலேறும் பிஸ்டனின் விசை முழுவதும் கனெக்டிங் ராடில் இறங்கி அதை வளைத்துவிடுகிறது. லேசாக வளைந்த ராடுடன் அந்த என்ஜின் சில காலம் ஓடவும் செய்யும் என்பதே சிக்கல். ஆயில் மூடியின் உட்புறம் பால் கலந்த காப்பி நிறத்தில் பசை படிந்திருப்பதும், மடிப்புகளில் வண்டல் மண் ஒட்டியிருப்பதும் நீர் புகுந்ததற்கான அடையாளங்கள்.

கண்ணால் காணும் சோதனை மட்டும் போதாது. கம்ப்ரெஷன் சோதனை, அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் பிஸ்டன் காற்றை எவ்வளவு இறுக்குகிறது என அளவியைப் பொருத்திப் பார்ப்பது, இன்றியமையாதது. பெட்ரோல் என்ஜின்களில் அளவு பொதுவாக 10 பார் அழுத்தத்தை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். டீசலில் 20 பாரைத் தாண்டும். ஆயினும் எண்ணைக் காட்டிலும் சமநிலையே முக்கியம்: ஒரு சிலிண்டர் மற்றவற்றைவிட 10 முதல் 15 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால் ஐயம் கொள்ள வேண்டும். அந்தச் சிலிண்டரில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மீண்டும் அளக்கையில் அழுத்தம் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்துள்ளது. ஏறாவிட்டால் வால்விலோ கேஸ்கெட்டிலோ கசிவு. கியர்பாக்ஸைக் கழற்றிவிட்டால் பல என்ஜின்களில் ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பொருத்த இடமிராது. ஆகவே கியர்பாக்ஸுடன் சேர்ந்திருக்கும்போதே சோதித்துக்காட்டச் சொல்வது நல்லது.

என்ஜின் நலமாக இருந்தும் காருக்குப் பொருந்தாமல் போவதுண்டு. ஃபியட் வடிவமைத்த 1248 சிசி டீசல் என்ஜின் மாருதி ஸ்விஃப்ட், டாடா இண்டிகா விஸ்டா, ஃபியட் புன்டோ எனப் பல கார்களில் வந்ததால் சந்தையில் எளிதில் கிடைக்கிறது. எல்லாம் ஒன்றே என்று விற்பவர் சொல்வதும் உண்டு. ஆனால் ஸ்விஃப்ட்டில் அது சுமார் 75 குதிரைத்திறன் தருவது. எஸ்எக்ஸ்4, எர்டிகா கார்களில் வேறு வகை டர்போவுடன் சுமார் 90 தருவது. டர்போவும் சென்சார்களும் மாறுபடுவதால், வண்டியின் கணினியான ஈசியூ தனக்குப் பழக்கமில்லாத என்ஜினை ஏற்காமல் திணறும். மேலும், காமன் ரெயில் டீசல் என்ஜின்கள் பலவற்றில் ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் தனிக் குறியீடு உண்டு; இன்ஜெக்டர் மாறினால் அக்குறியீட்டையும் ஈசியூவில் பதிய வேண்டும். எனவே பெயரை நம்பாமல், என்ஜினில் பொறித்த குறியீட்டை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதே முறை.

கடைசியாகக் காகித வேலை. இந்தியாவில், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, என்ஜின் மாற்றத்தை 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து, ஆர்.சி. புத்தகத்தில் திருத்தம் பெற வேண்டும்; முன்னதாகவே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒப்புதல் பெற்றுவிடுவது பாதுகாப்பு. இதைத் தள்ளிப்போட்டவர், காப்பீட்டுத் தொகை கோரும்போதோ வண்டியை விற்கும்போதோ எண்கள் முரண்படுவதைக் கண்டு திகைக்க நேரும். என்ஜின் எண் குறிக்கப்பட்ட ரசீதையும், அது கழற்றப்பட்ட வண்டியின் ஆர்.சி. நகலையும் கேட்டு வாங்க வேண்டும். எண் இருக்கும் இடம் அரத்தால் தேய்க்கப்பட்டிருந்தால், அது திருட்டு வண்டியின் என்ஜினாக இருக்கலாம். கம்ப்ரெஷன் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும், விலை எவ்வளவு குறைந்தாலும் அதைத் தொடக்கூடாது.