குப்பையில் கிடந்த அழைப்பு

2017-ஆம் ஆண்டு ஜூன் மாதம். தில்லியில் வளர்ந்த என் மகள், தாத்தா பாட்டியுடன் தங்கித் திருச்சியில் பட்டப்படிப்புப் படிக்க ஆசைப்பட்டாள். ஒரு கல்லூரிக்கு விண்ணப்பித்துவிட்டு, தபால்காரரை எதிர்பார்ப்பதுபோல் தினமும் இ-மெயிலைத் திறந்து பார்த்தோம். கடன் தருகிறோம், பரிசு விழுந்திருக்கிறது, தள்ளுபடி விற்பனை என்று ஐம்பது அறுபது கடிதங்கள் வந்தன; கல்லூரிக் கடிதம் வரவில்லை. கடைசியில் தொலைபேசியில் விசாரித்தால், "நேர்முகத் தேர்வுக்கு அழைத்திருந்தோமே, நீங்கள்தான் வரவில்லை" என்றார்கள். அழைப்பு பன்னிரண்டு நாட்களாக 'ஸ்பேம்' என்ற குப்பைப் பெட்டியில் கிடந்தது. இடம் போனது போனதுதான்.

அதன் பிறகு கற்றுக்கொண்டதை நம் சங்க அன்பர்களுக்குச் சொல்வது என் கடமை.

இந்தத் தொல்லை புதிதல்ல. 1978 மே மாதம், அமெரிக்காவில் ஒரு கணிப்பொறி நிறுவனத்தின் விற்பனை அதிகாரி கேரி துவெர்க், ஆர்ப்பாநெட் வலையில் சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். கேளாமல் வந்த முதல் விளம்பர மின்னஞ்சல் அதுவே என்பார்கள்.

இதைக் குறைக்க ஜிமெயிலில் சில மாற்றங்கள் போதும். முதலாவது, படங்கள். விளம்பரக் கடிதத்திலுள்ள படம் திரையில் தெரிந்தாலே, கடிதம் திறக்கப்பட்டது என்ற செய்தி அனுப்பியவருக்குப் போய்விடும். முகவரியில் ஆள் இருக்கிறார் என்று மேலும் அனுப்புவார். செட்டிங்ஸில் 'இமேஜஸ்' என்ற இடத்தில், படம் காட்டுமுன் என்னைக் கேள் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டாவது, குப்பைக் கடிதத்தை வெறுமனே அழிக்காதீர்கள். 'ரிப்போர்ட் ஸ்பேம்' பொத்தானை அழுத்தினால், அதுபோன்றவற்றை ஒதுக்கக் கணிப்பொறி கற்றுக்கொள்ளும். தெரிந்த கடையின் விளம்பரம் வேண்டாமென்றால் 'அன்சப்ஸ்கிரைப்' செய்யலாம். முன்பின் தெரியாதவர் கடிதத்தில் எந்த இணைப்பையும் தொடவே கூடாது.

மூன்றாவதுதான் நாங்கள் செய்யத் தவறியது. கல்லூரி, வங்கி, பென்ஷன் அலுவலகம் போன்ற முகவரிகளுக்கு 'ஃபில்டர்' அமைத்து, ஸ்பேமுக்கு அனுப்பாதே என்று குறித்துவிடுங்கள். இதைக் கணிப்பொறியில்தான் செய்ய முடியும். செல்போன் செயலியில் வராது. அவுட்லுக் வைத்திருப்போர் 'சேஃப் செண்டர்ஸ்' பட்டியலில் முகவரியைச் சேர்க்கலாம்.

இவ்வளவு செய்தாலும் வாரம் ஒருமுறை ஸ்பேம் பெட்டியைப் பாருங்கள். ஜிமெயில் 30 நாட்களில் அதைத் தானே அழித்துவிடும். நல்ல கடிதம் அங்கே இருந்தால் 'நாட் ஸ்பேம்' என்று அழுத்தி மீட்டுவிடலாம்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, பெற்றோரின் செல்போனிலும் படத்துக்கான மாற்றத்தைச் செய்து கொடுங்கள். வங்கிப் பெயரில் வரும் போலிக் கடிதத்தை நம்பி அவர்கள் பணம் இழந்தால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள்.

என் மகள் தில்லியிலேயே படித்து முடித்தாள்; குறையொன்றுமில்லை. பாட்டி வீட்டில் இருந்திருக்க வேண்டிய மூன்று ஆண்டுகள்தான் திரும்பி வராது.