பிறப்பெண்ணைக் கொண்டு கருவியை அறிதல்



வைஃபை பெட்டி வந்துவிட்ட வீடுகளில் ஒரு மனக்கசப்பு அடிக்கடி எழுவதை நாம் காண்கிறோம். மாதம் முடியுமுன்னே டேட்டா தீர்ந்து போகிறது. பிள்ளைக்குப் பாடம் பார்க்க வழியில்லை. “அடுத்த வீட்டுப் பையன்தான் நம் லைனில் புகுந்திருக்கிறான்” என்று யாரோ சொல்ல, அண்டை வீட்டாரோடு பேச்சே நின்றுவிடுகிறது. பழி சொல்லுமுன் யார் நுழைந்திருக்கிறார் என்று எண்ணைப் பார்த்து அறியலாம்.

இணையத்தில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று ஐபி முகவரி. இது லயத்து வீட்டு நம்பர் போன்றது. குடி மாறினால் நம்பரும் மாறும். மற்றொன்று மேக் முகவரி. இது தொழிற்சாலையிலேயே பதித்துத் தரப்படும் பிறப்பெண். நம் அடையாள அட்டை எண்ணைப் போல.

பெட்டி இவ்விரண்டையும் எப்படிப் பொருத்துகிறது? பெரட்டுக் களத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கிராணி, “14ஆம் நம்பர் வீட்டுக்காரர் யார்?” என்று எல்லார் காதிலும் விழக் கூவுகிறார். உரியவர் மட்டும், “நான்தான் ஐயா” என்று தம் அடையாள எண்ணைச் சொல்கிறார். மற்றவர்கள் வாய் திறப்பதில்லை. கிராணி அதைப் புத்தகத்தில் குறித்துக்கொள்கிறார். இதுதான் ஏ.ஆர்.பி. முறை. 1982இல் டேவிட் பிளம்மர் என்பவர் இதை எழுதி வெளியிட்டார். நாம் புரட்டப்போவதும் பெட்டியிடம் உள்ள இத்தகைய பதிவேட்டைத்தான்.

பெரும்பாலான பெட்டிகளின் அடியில் ஒட்டியுள்ள தாளில் அதன் முகவரியும் கடவுச்சொல்லும் இருக்கும். அவற்றைக் கைப்பேசியில் தட்டி உள்ளே போனால், இணைந்துள்ள கருவிகளின் பட்டியல் தெரியும். மேக் முகவரியில் 12 குறிகள் இருக்கும். 0 முதல் 9 வரை எண்களும், ஏ முதல் எஃப் வரை எழுத்துகளும் கலந்து வரும். முதல் 6 குறிகள் தயாரிப்பாளரைக் குறிக்கும். இவற்றை ஐ.இ.இ.இ. என்னும் பொறியியலாளர் கழகம் நிறுவனங்களுக்குப் பங்கிட்டுத் தருகிறது. அந்தப் பட்டியலை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். பி8, 27, இபி என்று தொடங்கினால் அது ராஸ்பெரி பை என்னும் சிறு கணினி என்று அறிகிறோம்.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். பட்டியலில் கேள்விப்படாத ஒரு கம்பெனியின் பெயர் வரும். “இந்தப் பெயரில் நம் வீட்டில் சாமானே இல்லையே!” என்று சந்தேகம் வலுக்கும். ஆனால் தொலைக்காட்சியின் உள்ளே இருக்கும் வைஃபை சில்லை வேறொரு கம்பெனி செய்திருக்கலாம். பட்டியலில் அதன் பெயரே வரக்கூடும். ஆகவே வீட்டுக் கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்து, சில நிமிடம் பொறுத்து, எந்த வரி மறைகிறது என்று பாருங்கள். பொறுப்பது முக்கியம், அணைத்தவுடனே பெயர் நீங்கிவிடாது.

இன்னொரு சங்கதி. இரண்டாவது குறி 2, 6, ஏ, இ ஆகியவற்றுள் ஒன்றாக இருந்தால் அது தொழிற்சாலை எண் அன்று. பெரும்பாலும் கைப்பேசி தானே புனைந்துகொண்ட எண். பிறர் தொடர்ந்து கவனிப்பதைத் தடுக்க 2019இல் ஆண்ட்ராய்டு 10இலும், 2020இல் ஐபோனின் ஐஓஎஸ் 14இலும் இவ்வழக்கம் வந்தது. அதில் கம்பெனியைத் தேடிப் பயனில்லை. உங்கள் கைப்பேசியின் வைஃபை அமைப்பில் அதே எண் தெரிந்தால், நுழைந்தவர் நீங்களேதான்!

எல்லாம் அணைத்த பிறகும் ஒரு வரி நின்றால் வெளியார் இருக்கலாம். அப்போதும் அந்த எண் ஆளின் பெயரைச் சொல்லாது. வைஃபை கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். எண்ணை மட்டும் தடுத்தால் வேறு எண்ணோடு வரக்கூடும்.

காணாமற்போன கைப்பேசியை மேக் முகவரியால் கண்டுபிடித்துத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அந்த எண் வீட்டுப் பெட்டியைத் தாண்டி இணையத்தில் பயணம் செய்வதில்லை. போலீஸ் புகாருக்கு உதவுவது 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண். *#06# என்று அழுத்தினால் திரையில் வரும். கைப்பேசி கையில் இருக்கும்போதே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.