ஆற்றை மறைத்த கறுப்புப் பெட்டி

திருக்காட்டுப்பள்ளியில் காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகிறது. புதுத் தண்ணீர் வரும் நாளில் அந்த இடத்தை நீங்கள் வீடியோ எடுத்ததாக வைத்துக்கொள்வோம். 'குடமுருட்டி' என்ற பெயர் வெள்ளை எழுத்தில் நீர்மேல் மிதந்து வர வேண்டும் என்பது உங்கள் ஆசை. அசையும் எழுத்தைக் கணினியில் தனியே செய்து முடித்து, எடிட்டிங் மென்பொருளில் வீடியோவின்மேல் வைக்கிறீர்கள். எழுத்து வருகிறது, ஆற்றைக் காணோம்! கறுப்புப் பெட்டி ஒன்று அதை மறைத்து நிற்கிறது. ஏன்?

கணினிப் படம் சிறு புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். பெரும்பாலும் 0 முதல் 255 வரை. மூன்றும் 0 என்றால் கறுப்பு. 'இங்கே எதுவும் இல்லை, அடியில் உள்ளது தெரியட்டும்' என்று சொல்ல இம்மூன்றாலும் இயலாது. அதற்கு நான்காவது எண் வேண்டும். 1977இல் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் ஆல்வி ரே ஸ்மித்தும் எட் கேட்மலும் அந்த எண்ணைப் படத்துடனேயே சேர்த்து வைக்கும் முறையை உருவாக்கினர். அதன் பெயர் ஆல்ஃபா. 0 என்றால் கண்ணாடி போல. 1 என்றால் சுவர் போல.

சாதாரண எம்பி4 கோப்பு பொதுவாக இந்த எண்ணை ஏற்பதில்லை. எனவே வெற்றிடமெல்லாம் கறுப்பாகிவிடுகிறது. புரோரெஸ் 4444 இதை ஏற்கும்; பெயரின் கடைசி 4 ஆல்ஃபாவைத்தான் குறிக்கிறது. பிஎன்ஜி படங்களின் வரிசையாகவும் சேமிக்கலாம். நொடிக்கு 25 வீதம், 4 நொடி எழுத்துக்கு 100 படங்கள்.

இனி ஒரு கணக்கு. எழுத்தின் விளிம்பில் ஒரு புள்ளி: அதன் வெண்மை 250, ஆல்ஃபா 0.4. அடியில் ஆற்று நீர் 150. எழுத்தின் பங்கு 250 × 0.4 = 100. நீரின் பங்கு 150 × 0.6 = 90. கூட்டினால் 190. எழுத்துக்கும் நீருக்கும் இடைப்பட்ட நிறம். விளிம்பு மென்மையாகக் கலக்கிறது.

சில கோப்புகளில் முதல் பெருக்கல் முன்பே செய்யப்பட்டு, 100 என்றே பதிவாகியிருக்கும். அதை அறியாமல் மென்பொருள் மறுபடியும் பெருக்கினால்? 40 + 90 = 130. எழுத்தைவிடவும் இருட்டு, நீரைவிடவும் இருட்டு! எழுத்தைச் சுற்றிக் கரிக்கோடு தெரிவது இதனால்தான்.

நீங்களே சோதித்துப் பாருங்கள். எழுத்தின் அடியில் ஆற்றுக்குப் பதிலாக மஞ்சள் நிறத்தை வையுங்கள். கரிக்கோடு தெரிந்தால் கோப்பின் ஆல்ஃபா அமைப்பை 'ஸ்ட்ரெய்ட்' என்பதிலிருந்து 'பிரிமல்டிப்ளைட்' என்று மாற்றுங்கள். கோடு மறைந்தால், உங்கள் கணக்குச் சரி. பிறகு ஆற்றைத் திரும்ப வையுங்கள்.